ரெண்டு கடைக்கும் இடையில் வயர்கார்ட் டனல் போட்டேன், பிங் போகிறது, ஸ்டொக் லிஸ்ட் திறந்தால் தொங்கி நிற்கிறது

மருந்துக்கடைத்தம்பி (மட்டக்களப்பு) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று கிழமையாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், இனியும் தனியாகப் பார்க்க முடியாது என்றுதான் இங்கே வந்தேன்.

என் மாமாவுக்கு ரெண்டு பாமசி. பெரியது மட்டக்களப்பு டவுனில் இருக்கிறது, மற்றதை போன வருடம் அக்கரைப்பற்றில் திறந்தோம். ஸ்டொக், பில், கடன் கணக்கு எல்லாமே டவுன் கடையில் உள்ள ஒரு விண்டோஸ் கொம்பியூட்டரில்தான். அக்கரைப்பற்றில் வேலை செய்யும் தங்கச்சி ஒவ்வொரு தடவையும் போன் எடுத்து "அந்த மருந்து அங்கே இருக்கா" என்று கேட்கிறார். இரவில் அவர் பில் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்ப, நான் ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்து ஏற்றுகிறேன். போன மாதம் ஒரு அம்மா இன்சுலின் தேடி அக்கரைப்பற்றுக் கடைக்கு வந்தார். அந்த நேரம் டவுன் கடையில் யாரும் போன் எடுக்கவில்லை, இருக்கிறதா இல்லையா தெரியாமல் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பிறகு பார்த்தால் டவுன் கடை ஃப்ரிட்ஜில் நான்கு இருந்தது. பின்னேர பஸ்ஸில் அனுப்பியிருக்கலாம். அன்றைக்குத்தான் ரெண்டு கடையையும் ஒரே நெட்வேர்க் ஆக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

டவுனில் பைபர் இருக்கிறது. அக்கரைப்பற்றுக் கடை இருக்கும் ஒழுங்கைக்கு பைபர் வரவில்லை, அங்கே 4ஜி ரவுட்டர்.

முதலில் யூடியூப் பார்த்து ஓப்பன்விபிஎன் (தூரத்து ரெண்டு இடத்தை இன்டர்நெட் வழியாகப் பூட்டிய டனலால் இணைக்கும் மென்பொருள்) போட்டேன், டிசிபி (தொலைந்த பாக்கெட்டைத் தானே திரும்ப அனுப்பும் முறை) 443 போர்ட்டில். காலையில் நன்றாக வேலை செய்யும், பின்னேரம் 4ஜி கொஞ்சம் மந்தமானால் போதும், முழுக்கப் படுத்துவிடும். பிறகு அதைக் கழற்றிவிட்டு வயர்கார்ட்டுக்கு மாறினேன், அதுவும் அதே வேலை செய்வதுதான், ஆனால் யூடிபியில் (திரும்ப அனுப்பாத முறை) ஓடுகிறது. பைபர் ரவுட்டரில் யூடிபி 51820 ஐ டவுன் கொம்பியூட்டருக்குத் திருப்பிவிட்டேன். ஹேண்ட்ஷேக் (ரெண்டு பக்கமும் சாவியைச் சரிபார்த்துக்கொண்டது) காட்டுகிறது. அக்கரைப்பற்றிலிருந்து 10.77.0.1 க்கு (டனலுக்குள் டவுன் கொம்பியூட்டரின் ஐபி) பிங் அடித்தால் 45 முதல் 70 மில்லிசெக்கனில் பதில் வருகிறது. மென்பொருளில் லொகின் ஆகிறது, ஒரு மருந்தின் பெயரைத் தேடினால் வருகிறது. ஆனால் முழு ஸ்டொக் லிஸ்ட்டைத் திறந்தால் அப்படியே நின்று, ரெண்டு நிமிடம் கழித்து தொடர்பு அறுந்துவிட்டது என்று சொல்கிறது. ஷெயார் பண்ணிய போல்டரிலிருந்து சின்ன டெக்ஸ்ட் பைல் வருகிறது, ஒரு படத்தை எடுத்தால் வராது. டனலை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அதே 4ஜியில் யூடியூப் ஓடுகிறது, ஆகவே லைனில் பிழை இல்லை.

அலவ்ட் ஐபிஸ் (எந்த ஐபிகளுக்குப் போவது டனல் வழியாகப் போக வேண்டும்) என்ற இடத்தில் வீடியோவில் இருந்தபடி 0.0.0.0/0, அதாவது எல்லாமே, என்று போட்டிருக்கிறேன். எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) எதுவும் நான் தொடவில்லை. எங்கே பிழை?


கடற்கரைவீதி எழுதியது:

தம்பி, இவ்வளவு சிரமம் எதற்கு? பைபர் ரவுட்டரில் டேட்டாபேஸ் போர்ட்டைத் திறந்துவிடுங்கள், 1433 ஆக இருக்கும். அக்கரைப்பற்றிலிருந்து டவுன் ஐபிக்கு நேரே தொடுத்தால் டனலே வேண்டாம். வேண்டுமென்றால் 3389 ஐயும் திறந்து ரிமோட் டெஸ்க்டொப் எடுக்கலாம். நானே ஒரு இடத்தில் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன்.


சாய்ந்தமருதூரான் எழுதியது:

தம்பி, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். எழுதியவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் நான் இதைக் கண்ணால் பார்த்தவன். எங்கள் பக்கத்தில் ஒரு கடைக்கு 3389 ஐ அப்படியே வெளியே திறந்து வைத்திருந்தார்கள், பாஸ்வேர்ட் கடையின் பெயரும் நான்கு எண்ணும். ஒரு காலை வந்து பார்த்தால் எல்லாப் பைலும் பூட்டப்பட்டு, காசு கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திரையில் இருக்கிறது. பேக்கப் டிஸ்க்கும் அதே கொம்பியூட்டரில்தான் குத்தியிருந்தது, அதுவும் போய்விட்டது. மூன்று வருடக் கணக்கு. யார் எவ்வளவு கடன் தர வேண்டும் என்பதுகூட இல்லாமல் அந்த மனிதர் நின்றதை நான் மறக்கமாட்டேன். வாடிக்கையாளர்கள் நேர்மையாக வந்து தாங்களே சொன்னதால்தான் பாதியாவது மீண்டது.

இன்டர்நெட்டில் 3389, 1433 இரண்டையும் தட்டிப் பார்த்துக்கொண்டே திரிகிற புரோகிராம்கள் இரவு பகல் ஓடுகின்றன. நம்முடைய கடை சின்னது, யாருக்குத் தெரியப்போகிறது என்ற கணக்கு அங்கே செல்லாது. அவை கடையைப் பார்ப்பதில்லை, ஐபி எண்களை வரிசையாகத் தட்டுகின்றன. வயர்கார்ட் போர்ட் அப்படி இல்லை. சரியான சாவி இல்லாமல் வருகிற பாக்கெட்டுக்கு அது எந்தப் பதிலும் சொல்லாது, வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. மருந்துக் கடையென்றால் நோயாளிகளின் பெயரும் அவர்கள் வாங்கிய மருந்தும் இருக்கும், அதை வெறுமையாக விட முடியாது. நீங்கள் எடுத்த வழி சரியானது, அதில் நில்லுங்கள். தொங்குகிற பிரச்சினைக்குக் கல்லடிக்காரன் வந்தால் பதில் சொல்வார்.


கல்லடிக்காரன் எழுதியது:

தம்பி, நீங்கள் கேள்வியை எழுதிய விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. சின்னது போகிறது, பெரியது போகவில்லை. பிங் போகிறது, லொகின் ஆகிறது, படம் வரவில்லை. இப்படி ஒன்றைக் கண்டால் ஃபயர்வோலையும் சாவியையும் விட்டுவிட்டு நேரே பாக்கெட்டின் அளவைப் பார்க்க வேண்டும்.

டனல் என்று சொல்கிறோமே தவிர, மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில் புதிதாக ஒரு பாதையும் வெட்டப்படவில்லை. உங்கள் கடைக்குள் ஓட வேண்டிய பாக்கெட்டை எடுத்து, பூட்டி, இன்னொரு சாதாரண இன்டர்நெட் பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறோம். மறுபக்கத்தில் பிரித்து எடுக்கிறோம், அவ்வளவுதான். நீங்கள் டவுனிலிருந்து பஸ்ஸில் மருந்துப் பெட்டி அனுப்புவீர்கள்தானே? பஸ்ஸின் சாமான் அறைக்குள் சரியாகப் போகிற அளவில் ஒரு பெட்டி செய்கிறீர்கள் என்று வையுங்கள். பிறகு மழைக்குப் பயந்து அதைச் சாக்கில் போட்டுக் கட்டினால் அதே பெட்டி உள்ளே போகாது. சாக்கு வேண்டுமென்றால் பெட்டியைச் சின்னதாகச் செய்ய வேண்டும்.

சாக்கின் தடிப்பு எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. வயர்கார்ட்டில் வெளி ஐபி தலைப்பு 20 பைட், யூடிபி 8, வயர்கார்ட்டின் சொந்தத் தலைப்பு 16, கடைசியில் கை வைக்கப்படவில்லை என்று காட்டும் முத்திரை 16. மொத்தம் 60. வெளியே ஐபிவி6 என்றால் தலைப்பு 40 பைட், அப்போது மொத்தம் 80. சாதாரண ஈதர்நெட் பாதை 1500 பைட் வரை ஏற்கும் என்பதால், வயர்கார்ட் எந்தப் பக்கமும் பிழைக்காமல் இருக்க 80 ஐக் கழித்து 1420 என்று தானே வைத்துக்கொள்கிறது. நீங்கள் எம்டியுவைத் தொடவில்லை என்றால் உங்களிடம் இருப்பது அநேகமாக அந்த 1420.

சிக்கல் என்னவென்றால், அக்கரைப்பற்றுப் பக்கம் பாதை 1500 என்று யார் சொன்னது? 4ஜி டேட்டாவே உங்கள் ரவுட்டருக்கு வருவதற்கு முன் இன்னொரு டனலுக்குள்தான் ஓடுகிறது. டவருக்கும் கம்பனியின் உள் நெட்வேர்க்குக்கும் இடையில் ஜிடிபி என்ற குழாய், யூடிபி 2152 போர்ட்டில். அதற்கும் ஒரு சாக்கு, குறைந்தது 36 பைட். ஆக உங்கள் டனல் இன்னொரு டனலுக்குள் போகிறது. கம்பனிக்காரர் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்து மொபைல் பாதையின் அளவு 1500 க்குக் குறைவாக வருவது சர்வசாதாரணம். பைபர் பக்கமும் பிபிபிஓஇ (பயனர் பெயர் கொடுத்து இணையும் முறை) என்றால் 8 பைட் போய் 1492 தான்.

பெரிய பாக்கெட் வந்து இடம் போதாமல் போனால், நடுவில் உள்ள ரவுட்டர் "இது பெரிது, சின்னதாக்கி அனுப்பு" என்று அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். 1990 இலேயே இதற்கு முறை எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தச் செய்தி ஐசிஎம்பியில் (பிங்கும் நெட்வேர்க் பிழைச் செய்திகளும் போகிற முறை) வருவது. பாதுகாப்பு என்று நினைத்துப் பல இடங்களில் ஐசிஎம்பியை முழுக்க அடைத்து வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் பாக்கெட்டைத் துண்டாக்கி அனுப்ப, வழியில் உள்ள நாட் (பலரை ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் வைக்கும் மாற்றி) அந்தத் துண்டுகளைத் தொலைத்துவிடலாம். எப்படியானாலும் அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார், உங்கள் திரை தொங்கி நிற்கும். நீங்கள் பார்த்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

யூகத்தில் மாற்ற வேண்டாம், அளந்து பாருங்கள். அக்கரைப்பற்றில் டனலை நிறுத்துங்கள். டவுன் பைபர் ரவுட்டரில் வெளியிலிருந்து வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கொஞ்ச நேரம் திறந்து விடுங்கள். பிறகு டவுனின் வெளி ஐபிக்கு விண்டோஸ் பிங் அடியுங்கள், ஹைபன் எஃப் (துண்டாக்காதே என்று பொருள்), ஹைபன் எல் போட்டு அளவு. 1472 இல் தொடங்குங்கள். அதோடு தலைப்புகள் 28 சேர்ந்தால் சரியாக 1500. போகவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறைத்து, போகிற இடத்தில் நிறுத்தி, பிறகு ஒன்று ரெண்டாக ஏற்றிப் பாருங்கள். கடைசியாகப் போன எண்ணோடு 28 ஐக் கூட்டி 60 ஐக் கழித்தால் வருவதுதான் உங்கள் டனலின் எம்டியு. ரெண்டு பக்கத்து வயர்கார்ட் அமைப்பிலும் இன்டர்பேஸ் பகுதியில் அதே எண்ணைப் போடுங்கள். அளக்க வசதி இல்லாதவர்கள் 1280 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம், சாக்கோடு சேர்த்து 1340 தான், பெரும்பாலான பாதைகள் அதை ஏற்கும். வேகத்தில் கொஞ்சம் இழப்பு, ஆனால் மருந்துக்கடைக் கணக்குக்கு அது தெரியாது.

அந்த 0.0.0.0/0 ஐ இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த வீடியோ வேறு தேவைக்குச் செய்தது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் பேஸ்புக், வாட்ஸ்அப் முடக்கிய நாட்களில்தான் எங்கள் பக்கத்தில் கனபேர் விபிஎன் என்ற சொல்லையே கேட்டார்கள். அதனால் விபிஎன் என்றால் எல்லாவற்றையும் வெளிநாடு வழியாக அனுப்புவது என்று மனதில் பதிந்துவிட்டது. அந்தத் தேவைக்கு 0.0.0.0/0 சரி. உங்களுக்கு வேண்டியது ஒரேயொரு கொம்பியூட்டரைப் பார்ப்பது. இப்போது அக்கரைப்பற்றில் ஒருவர் பார்க்கிற யூடியூப்கூட டவுன் பைபருக்குப் போய், அங்கிருந்து அப்லோட் ஆகி உங்களுக்கு வருகிறது. அக்கரைப்பற்றுப் பக்கம் 10.77.0.1/32 என்று மட்டும் போடுங்கள், டவுன் பக்கம் 10.77.0.2/32. ரெண்டு கடையிலும் ரவுட்டர்கள் 192.168.1 வரிசையில்தான் இருக்கும், அதுவும் பரவாயில்லை, நீங்கள் டனல் ஐபியைத்தான் பிடிக்கிறீர்கள். பிறகொரு நாள் முழு நெட்வேர்க்கையும் இணைக்க நினைத்தால் ஒரு கடையின் வரிசையை முதலில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எந்த 192.168.1.10 என்று கொம்பியூட்டருக்கே தெரியாமல் போகும்.

ஓப்பன்விபிஎன் பின்னேரத்தில் படுத்ததற்கும் காரணம் சொல்கிறேன். பிழை ஓப்பன்விபிஎன்னில் இல்லை, டிசிபியில் ஓட்டியதில்தான் இருக்கிறது. உள்ளே ஓடுவதும் டிசிபி, வெளியே சுமப்பதும் டிசிபி. 4ஜியில் ஒரு பாக்கெட் விழுந்தால் வெளியே உள்ளது அதைத் திரும்ப அனுப்பும். அந்தத் தாமதத்தைப் பார்த்து உள்ளே உள்ளதும் தொலைந்துவிட்டது என்று நினைத்துத் தானும் திரும்ப அனுப்பும். ஏற்கனவே நெரிசலான பாதையில் ஒன்றுக்கு இரண்டாகச் சுமை. விழ விழ ரெண்டும் சேர்ந்து குவித்துக்கொண்டே போய்க் கடைசியில் நின்றுவிடும். யூடிபியை அடைத்து வைத்திருக்கும் இடத்தில் வேறு வழியில்லாதபோது மட்டும்தான் டிசிபி 443.


ஆலைக்கணக்கு (சம்மாந்துறை) எழுதியது:

மருந்துக்கடைத்தம்பி, உங்களுக்கு ஒரு பக்கமாவது வெளி ஐபி இருக்கிறது, அது பெரிய வசதி. எங்கள் அரிசி ஆலைக்கும் கிட்டங்கிக்கும் ரெண்டு பக்கமும் 4ஜி. இதே மாதிரி யாராவது வந்து வாசிப்பீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் போர்ட் ஃபோர்வர்ட் செய்து பார்த்துப் பார்த்து ஒரு மாதம் வீணாக்கினேன். கடைசியில்தான் விளங்கியது, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் வெளி ஐபியும், என் ஐபி என்ன என்று காட்டும் தளத்தில் தெரியும் ஐபியும் வேறு வேறு. ரவுட்டரில் இருந்தது 100.72 இல் தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை உள்ள அந்த வரிசையை 2012 இல் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள், கம்பனி தன் உள்ளே பல வாடிக்கையாளரை ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் வைக்க. சிஜிநாட் என்று சொல்வார்கள். அதற்குப் பின்னால் இருந்தால் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியே உள்ளவர் வந்து சேரமாட்டார், கதவு கம்பனியிடம் இருக்கிறது.

அதற்கு ரெண்டு வழி. முதலில் நான் சிங்கப்பூரில் ஒரு சின்ன லினக்ஸ் சேர்வரை மாத வாடகைக்கு எடுத்து, ஆலையும் கிட்டங்கியும் அதற்கு வந்து சேர்கிற மாதிரி வயர்கார்ட் போட்டேன். வேலை செய்தது. ஆனால் சம்மாந்துறையிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகிற பாக்கெட் சிங்கப்பூர் போய்த் திரும்புகிறது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீட்டருக்கு மேல், பைபருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். ஒரு போய்வரவுக்கே குறைந்தது 27 மில்லிசெக்கன். கேள்வி ஒரு தடவை சிங்கப்பூர் போய் வரும், பதிலும் ஒரு தடவை போய் வரும், ஆகவே அதன் இரண்டு மடங்கு. 4ஜியின் சொந்தத் தாமதம் வேறு. நெல் கொள்வனவுக் கணக்கை அடிக்கப் போதும், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் காத்திருப்பது தெரியும்.

பிறகு டெயில்ஸ்கேலுக்கு மாறினேன். அதன் அடியில் ஓடுவதும் வயர்கார்ட்தான். ரெண்டு பக்கமும் வெளியே ஒரு இடத்தைத் தொட்டு, தங்கள் நாட் எந்தப் போர்ட்டைத் திறந்தது என்று பார்த்து, ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் நோக்கி அனுப்பி வழி எடுக்கப் பார்க்கும். கிடைத்தால் நேர் பாதை. கிடைக்காவிட்டால் இடையில் உள்ள சேர்வர் வழியாகச் சுமந்து கொடுக்கும், பூட்டு அங்கேயும் திறக்கப்படுவதில்லை. எங்களுக்குப் பெரும்பாலும் நேர் பாதை கிடைக்கிறது. கல்லடிக்காரன் எழுதியதை வாசித்தபோதுதான் இன்னொன்றும் விளங்கியது. அது தொடக்கத்திலேயே எம்டியு 1280 என்று வைத்திருக்கிறது, அதனால்தான் எனக்கு இந்தத் தொங்கல் வரவேயில்லை போல.


மருந்துக்கடைத்தம்பி எழுதியது:

கல்லடிக்காரன் அண்ணன், சாய்ந்தமருதூரான் காக்கா, ஆலைக்கணக்கு, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நேற்றுக் காலை பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போய் அளந்தேன். 1472 போகவில்லை. 1400 உம் போகவில்லை. 1390 போனது, ஏற்றிப் பார்த்தேன், 1392 கடைசி. 28 ஐக் கூட்டி 1420, 60 ஐக் கழித்து 1360. ரெண்டு பக்கமும் 1360 போட்டு டனலைத் திறந்தேன். போல்டரில் இருந்த படம் வந்தது! மூன்று கிழமைக்குப் பிறகு அந்தப் படம் திறந்ததைப் பார்த்த சந்தோஷத்தை இங்கே எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அலவ்ட் ஐபிஸையும் மாற்றிவிட்டேன்.

ஸ்டொக் லிஸ்ட்டும் இப்போது தொங்காமல் திறக்கிறது. ஆனால் ரெண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. டவுன் கடைக்குள் இன்னொரு கொம்பியூட்டரில் திறந்தால் ரெண்டு மூன்று செக்கன்தான். வேகம் அளந்து பார்த்தேன், டனலுக்குள் 8 எம்பிபிஎஸ் வருகிறது, லிஸ்ட் மொத்தமே ஒரு எம்பி இருக்காது. ஆள் நிற்கும்போது ரெண்டு நிமிடம் காக்க வைக்க முடியாது. இன்னும் எம்டியு பிழையா?

இன்னொன்று, கீப்அலைவ் (வழி மூடாமல் இருக்க இடையிடையே அனுப்பும் சின்ன பாக்கெட்) 25 செக்கன் என்று போட்டிருக்கிறேன், அது 4ஜி டேட்டாவைத் தின்னுமா?


வந்தாறுமூலை எழுதியது:

தம்பி, எம்டியு சரியாகிவிட்டது, அதை இனித் தொட வேண்டாம். இப்போது இருப்பது வேறு பிரச்சினை. நான் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கிறவள், இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

உங்கள் மென்பொருள் லிஸ்ட்டை ஒரே கேள்வியில் எடுக்காமல் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட பல பழைய மென்பொருள்கள் முதலில் மருந்துகளின் பட்டியலை எடுக்கும். பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே போய் இருப்பு எவ்வளவு, காலாவதித் தேதி என்ன என்று கேட்கும். ஒன்றுக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். 2,000 மருந்து இருந்தால் 2,000 போய்வரவு. கடைக்குள் கேபிளில் ஒரு போய்வரவு ஒரு மில்லிசெக்கன்கூட இல்லை, மொத்தம் ரெண்டு செக்கன். டனலில் ஒன்றுக்கு 60 மில்லிசெக்கன் என்றால் 120 செக்கன், அதாவது நீங்கள் சொன்ன அதே ரெண்டு நிமிடம். 8 எம்பிபிஎஸ் 80 ஆனாலும் இது மாறாது, ஏனென்றால் லைன் நிறையவில்லை, பதிலுக்குக் காத்திருந்துதான் நேரம் போகிறது.

மென்பொருள் செய்தவரோடு கதைத்துப் பாருங்கள், லிஸ்ட்டை ஒரே கேள்வியில் எடுக்கும்படி மாற்றித் தர முடியுமென்றால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் மென்பொருளை அக்கரைப்பற்றில் ஓட்ட வேண்டாம். டவுன் கடையில் இன்னொரு கொம்பியூட்டரில் ஓட்டி, அதன் திரையை மட்டும் ரிமோட் டெஸ்க்டொப்பில் அக்கரைப்பற்றுக்கு எடுங்கள், டனலுக்குள்ளேயே. கேள்வி பதில் எல்லாம் டவுன் கேபிளில் நடக்கும், டனலில் படமும் விசைப்பலகை அடியும் மட்டும் போகும். 60 மில்லிசெக்கன் தட்டச்சுக்குக் கொஞ்சம் தெரியும், பழகிவிடும். 3389 ஐ ரவுட்டரில் திறக்கவே கூடாது, விண்டோஸ் ஃபயர்வோலிலும் 10.77.0.2 க்கு மட்டும் விடுங்கள். மேலே சாய்ந்தமருதூரான் எழுதியது நடந்த கதை, எனக்குத் தெரிந்தே இன்னும் ரெண்டு இடம் இருக்கிறது.

சேர்வராக இருக்கும் அதே கொம்பியூட்டரை எடுக்க வேண்டாம். சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம், அக்கரைப்பற்றுத் தங்கச்சி உள்ளே வந்தால் டவுனில் பில் போடுகிறவரின் திரை பூட்டிக்கொள்ளும். அதனால்தான் தனிக் கொம்பியூட்டர், பழையது போதும், ஆனால் விண்டோஸ் புரோ இருக்க வேண்டும், ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டொப்பை ஏற்காது. வயர்கார்ட்டை அந்தக் கொம்பியூட்டரிலும் போட்டு அதற்கு 10.77.0.3 கொடுங்கள். பைபர் ரவுட்டரில் 51820 ஏற்கனவே சேர்வருக்குப் போகிறது, இதற்கு 51821 போன்ற வேறு போர்ட்டைத் திருப்புங்கள். பில் பிரின்டர் அக்கரைப்பற்றில்தானே இருக்கும்? இணைக்கும்போது லோக்கல் ரிசோர்சஸ் என்ற இடத்தில் பிரின்டர்களைத் தெரிவு செய்தால், டவுனில் பிரின்ட் கொடுத்தது அங்கே வரும். சின்ன ரோல் பேப்பர் பிரின்டர்கள் சில நேரம் முரண்டு பிடிக்கும், அந்த பிரின்டரின் டிரைவரை டவுன் கொம்பியூட்டரிலும் ஏற்றி வையுங்கள்.

கீப்அலைவ் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு தடவைக்கு 60 பைட், 25 செக்கனுக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 3,456 தடவை, ஏறத்தாழ 207 கிலோபைட். மாதத்துக்கு 6 எம்பி அளவில். அக்கரைப்பற்றுப் பக்கம் அது கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் யாரும் பில் போடாத மத்தியான நேரத்தில் 4ஜி நாட் அந்த வழியை மூடிவிடும், டவுனிலிருந்து எதுவும் உள்ளே வராது.


மருந்துக்கடைத்தம்பி எழுதியது:

வந்தாறுமூலை அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. மென்பொருள் செய்தவரைக் கேட்டேன், ஒவ்வொரு மருந்துக்கும் தனியாகத்தான் கேட்கிறது என்று ஒத்துக்கொண்டார், அடுத்த பதிப்பில் பார்க்கிறேன் என்றார். எங்கள் லிஸ்ட்டில் 2,140 மருந்து. மாமாவின் பழைய கொம்பியூட்டருக்கு விண்டோஸ் புரோ போட்டு ரிமோட் டெஸ்க்டொப் வைத்துவிட்டேன். ஸ்டொக் லிஸ்ட் மூன்று செக்கனில் திறக்கிறது. பில் பிரின்டர் ஒரு நாள் பாடுபடுத்தியது, டிரைவரை டவுனிலும் ஏற்றியதும் சரி.

நான்கு நாள் நன்றாக ஓடியது. நேற்று மழையோடு டவுனில் ரெண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த பிறகும் டனல் வரவில்லை. அக்கரைப்பற்றில் வயர்கார்ட்டை நிறுத்தித் திரும்பப் போட்ட பிறகுதான் வந்தது. டவுனின் ஐபி மாறியிருக்கிறது. நான் எண்ட்பொயின்ட்டில் (மறுபக்கத்தின் முகவரி போடும் இடம்) ஐபி போடவில்லை, டைனமிக் டிஎன்எஸ் பெயர்தான் (ஐபி மாறினாலும் புது ஐபியைக் காட்டும் பெயர்) போட்டிருக்கிறேன், அந்தப் பெயர் புது ஐபிக்கு மாறியும் இருந்தது. பிறகு ஏன்?


கல்லடிக்காரன் எழுதியது:

வயர்கார்ட் அந்தப் பெயரை டனல் தொடங்கும்போது ஒரே தடவைதான் ஐபியாக மாற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு பெயரைத் திரும்பிப் பார்க்காது, பழைய ஐபிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். 4ஜி பக்கத்து ஐபி மாறினால் பிரச்சினை இல்லை, சரியான சாவியோடு பாக்கெட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தை டவுன் பக்கம் தானே பிடித்துக்கொள்ளும். டவுன் ஐபி மாறும்போதுதான் இந்த வில்லங்கம்.

அக்கரைப்பற்றுக் கொம்பியூட்டரில் டாஸ்க் ஷெடியூலரில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடுகிற ஒரு சின்ன பேட்ச் பைல் வையுங்கள். 10.77.0.1 க்கு நான்கு பிங், ஒன்றுக்கும் பதில் இல்லை என்றால் வயர்கார்ட் டனல் சேர்விஸை நிறுத்தித் தொடங்கட்டும். பெயர் புதிதாகத் தேடப்படும். கம்பனியிடம் நிலையான ஐபி கேட்டால் மாதாந்தம் மேலதிகமாகக் கேட்பார்கள், இதற்கு அது தேவையில்லை.

டவுன் பக்கம் சேர்வரின் பயோஸில் கரண்ட் வந்ததும் தானே எழும்பும் தெரிவு இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். யூபிஎஸ்ஸில் சேர்வரை மட்டும் குத்தி ரவுட்டரையும் சுவரில் உள்ள பைபர் பெட்டியையும் வெளியே விட்டுவிடுகிறார்கள், உங்களுடையது எப்படி என்று பாருங்கள். அந்த ரெண்டுக்கும் சேர்வரை விட மிகக் குறைந்த மின்சாரம்தான் போகும். நவம்பர், டிசம்பர் மழைக்கு முன் அதைச் செய்துவிட்டு, ஒரு நாள் கடை மூடிய பிறகு டவுனில் மெயின் சுவிட்சை நீங்களே போட்டு அணைத்துப் பார்த்து, அக்கரைப்பற்றிலிருந்து எத்தனை நிமிடத்தில் திரும்ப வருகிறது என்று இங்கே எழுதுங்கள்.